ஓட்டையைத் துரத்திக்கொண்டே போன கதை

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன், அடியில் ஈரம். துரு படிந்திருந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சும்மா குத்திப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எட்டிப் பார்த்தால் கீழே தரை தெரிந்தது. இத்தனை நாளாகக் காலை எதன்மேல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் அடிவயிறு கலங்கியது.

பழைய கார்தான். எஞ்சினில் குறை இல்லை, கியர் சுத்தமாக விழும், பாடி மட்டும் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷின் இருந்தது. அதை வைத்து ஒரு கேட்டுக்குக் கம்பி ஒட்டியிருக்கிறேன், ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்திருக்கிறேன். இதுவும் இரும்புதானே, ஒட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

2.5 மி.மீ. வெல்டிங் ராடை மாட்டி, 50 ஆம்பியருக்கு இறக்கி, ஓட்டையின் மேல் ஒரு துண்டுத் தகடு வைத்து ஓரத்தில் தொட்டேன். ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து, கொஞ்சம் கூட்டி, மறுபடி தொட்டேன். ஒரு நொடி வெளிச்சம். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதே தகட்டின் ஓரம் சிவந்து, தொய்ந்து, உள்வாங்கிக் காணாமல் போனது. புதிதாக ஒரு ஓட்டை. அதை மூடலாம் என்று விளிம்பில் ராடை வைத்தேன், விளிம்பு போனது. அடுத்த விளிம்பில் வைத்தேன், அதுவும் போனது. சட்டைப் பொத்தான் அளவில் இருந்தது கால் மணி நேரத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஓட்டையை அடைக்கப் போனவன் ஓட்டையைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறேன் என்பது மெஷினை அணைத்த பிறகுதான் உறைத்தது.

கணக்கு எளிமையானது, எனக்குத்தான் தெரியவில்லை. கேட்டுக்குப் போடும் இரும்பு 3 மி.மீ., 5 மி.மீ. என்று இருக்கும். காரின் வெளித்தகடும் தளமும் பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. வரைதான். துரு தின்ற இடத்தில் அதில் பாதிகூட மிஞ்சாது. தடிமனான இரும்பில் சூடு உள்ளே பரவ இடம் இருக்கும். மெல்லிய தகட்டில் போக்கிடம் இல்லாமல் விழுந்த இடத்திலேயே குவிந்து உருக்கிவிடும். விளிம்பில் இன்னும் மோசம், சூடு ஒரு பக்கமாக மட்டும்தான் ஓட முடியும். ஆனால் 2.5 ராடு ஒழுங்காக எரிய 60, 70 ஆம்பியராவது வேண்டும். ராடு கேட்பதைத் தகடு தாங்காது, தகடு தாங்குவதில் ராடு எரியாது.

அப்புறம் 1.6 மி.மீ. தடிமனில் 6013 வகை ராடு வாங்கி, ராடை நெகட்டிவில் மாட்டி, 35 ஆம்பியர் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஓட்டை விழுவது குறைந்தது, சில இடங்களில் ஒட்டவும் செய்தது. ஆனால் அந்த மெல்லிய ராடு கையில் நாணல் மாதிரி ஆடும். நான் தொட நினைத்த இடம் ஒன்று, அது தொட்ட இடம் வேறொன்று. கைதேர்ந்தவர்கள் இதிலேயே அழகாகச் செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர் அந்தப் பாதையில் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

தெரிந்த டிங்கர் ஒருவரிடம் போய் நின்றேன். வாழ்நாள் முழுக்கக் கார் பாடியோடு மல்லுக்கட்டியவர். போனில் எடுத்த படத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். "தம்பி, ராடை ஓரமா வச்சுட்டு ஒரு சின்ன மிக் மெஷின் பாருங்க. வாங்கின கையோட கார் பக்கம் போயிடாதீங்க" என்றார். ராடுக்குப் பதில் மெல்லிய வயரை வைத்து ஒட்டும் மெஷின் அது. நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

கேஸ் சிலிண்டர் இல்லாமல் ஓடும் மிக் மெஷினாகப் பார்த்து வாங்கினேன். உள்ளே மருந்து நிரப்பிய கோர் வயர், சுருளிலிருந்து, கையில் பிடிக்கும் டார்ச் வழியாகத் தானாக வந்துகொண்டே இருக்கும். முதல் நாளே காருக்கு அடியில் படுத்தேன். தீபாவளிப் புஸ்வாணம் மாதிரி தெறித்தது. தகட்டின் மேல் உருண்டை உருண்டையாகக் குவிந்தது, விரலால் தள்ளினால் பாதி உதிர்ந்தது. இரண்டு வாரம் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மெஷினின் மூடியைத் திறந்தால், உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னப் படத்தில் விஷயம் இருந்தது. கோர் வயருக்கு டார்ச் நெகட்டிவிலும், இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பாசிட்டிவிலும் இருக்க வேண்டும். கேஸோடு ஓட்டும் சாதாரண வயருக்கு அப்படியே நேர்மாறு. என் மெஷின் கேஸுக்கான அமைப்பில் இருந்திருக்கிறது. இரண்டு நட்டைக் கழற்றி மாற்றிப் போட்டதும் தெறிப்பு பாதிக்கு மேல் அடங்கியது. வெல்டிங் சரியாக வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் இப்போது முதலில் கேட்கும் கேள்வி, டார்ச் எந்த முனையில் இருக்கிறது என்பதுதான்.

மாற்றிப் போட்ட பிறகும் மெல்லிய தகட்டில் கோர் வயர் எனக்குப் பிடிக்கவில்லை. திறந்த வெளியில், காற்றடிக்கும் இடத்தில், கொஞ்சம் தடிமனான இரும்புக்கு நல்ல சாமான்தான். ஆனால் சூடு அதிகம், கசடு தட்ட வேண்டும், எங்கே ஒட்டியது எங்கே ஒட்டவில்லை என்று அந்தப் புகைக்குள் தெரியாது. கடைசியில் ஒரு சின்ன சிலிண்டர் எடுத்தேன். ஆர்கானில் 20 சதவீதம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கலந்தது. வயர் 0.6 மி.மீ. இந்த 0.6 முக்கியம். வயர் எவ்வளவு மெலிதோ, அவ்வளவு குறைந்த மின்சாரத்திலேயே ஆர்க் நிற்கும். 0.8 வயரில் நான் ஓட்டை போட்ட அதே தகட்டில் 0.6 நிம்மதியாக ஒட்டியது. டார்ச் முனையில் இருக்கும் செம்பு டிப்பையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும், வயரைத் தள்ளும் உருளையின் பள்ளத்தையும் மாற்ற வேண்டும். மறந்தால் வயர் திக்கித் திக்கி வரும். வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் ஓட்டலாம், மலிவு. ஆர்க் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், தெறிப்பும் கூடும்.

அப்போதுதான் டிங்கர் சொன்னதன் இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது. காரைத் தொடவில்லை. காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு பழைய கார்க் கதவை வாங்கி வந்து, பெயின்டைச் சுரண்டி, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அதுதான் வேலை. தகட்டுக் கடையில் கிடைக்கும் புதுத் தகட்டைவிட இது நல்லது, காரில் இருப்பதும் இதே தடிமன்தானே.

பழகும்போது கண்ணைவிடக் காதுதான் அதிகம் உதவியது. வயர் வேகம் கூடினால் டார்ச்சை யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுவது போலிருக்கும், படபடவென்று வெடிக்கும். வேகம் குறைந்தால் வயர் நுனியில் குண்டு கட்டி, எரிந்துகொண்டே பின்னால் வந்து டிப்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில், தகரக் கூரையில் மழை நின்று பெய்கிற மாதிரி ஒரு சீரான சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் டயல் நின்ற இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அடுத்த நாள் அதே கோட்டில் வைத்தும் சத்தம் வரவில்லை. காரணம் மெஷின் இல்லை, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர். மெலிதான வயரைச் சுருட்டிய நிலையிலேயே போட்டிருந்தேன். வோல்டேஜ் இறங்கியது ஒரு பக்கம், சுருள் கை பொறுக்காத சூட்டில் இருந்தது இன்னொரு பக்கம். தடித்த வயராக மாற்றி, முழுக்க விரித்துப் போட்டதும் சரியானது.

இன்னொரு பழக்கம், ஒட்டிய துண்டை வைஸில் மாட்டி வளைத்து உடைத்துப் பார்ப்பது. மேலே அழகாக இருக்கும் வெல்டிங் பலதும் ஸ்டிக்கர் மாதிரி பெயர்ந்து வந்தது. உருகி உள்ளே இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. சரியாக ஒட்டியிருந்தால் வெல்டிங் நிற்கும், பக்கத்துத் தகடுதான் கிழியும். உடைக்காமலும் ஓரளவு சொல்லலாம். துண்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் சின்னதாக ஒரு முண்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லை, நீலக் கறை மட்டும் தெரிகிறது என்றால் அது ஒட்டவில்லை.

கோடு இழுக்கும் ஆசையை விட எனக்கு ரொம்ப நாளானது. வெல்டிங் என்றாலே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக ஒரு நீளக் கோடு என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. மெல்லிய தகட்டில் அந்தக் கோடே கிடையாது. எல்லாம் புள்ளிதான். ஒரு நொடி அழுத்தி ஒரு டேக், விடு. இரண்டு மூன்று விரல் தள்ளி அடுத்த டேக், விடு. துண்டின் நாலு பக்கமும் இப்படி மாறி மாறி வைத்து, பிறகு இரண்டு டேக்குகளுக்கு நடுவில் ஒன்று, அதற்கும் நடுவில் ஒன்று என்று நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் புள்ளிகள் சேர்ந்து கோடாகிவிடும். நடுநடுவே கையை வைத்துப் பார்ப்பேன். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தால்தான் அடுத்த சுற்று. ஈரத் துணி போட்டு அவசரமாகக் குளிரவைக்க வேண்டாம், காத்திருப்பதே மேல். முதல் சுற்றில் இரண்டு ஓரத்துக்கும் நடுவே இடைவெளி தகட்டின் தடிமன் அளவு இருந்தால் நல்லது, வயர் உள்ளே இறங்கும். அதைவிட அதிகமானால் மறுபடி ஓட்டையைத் துரத்த வேண்டியதுதான்.

காத்திருக்காததன் பலனை ஒரு கதவில் பார்த்தேன். தளத்துக்கு வருவதற்கு முன்னால், கதவின் வெளித்தகட்டில் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துரு ஓட்டை. கை கொஞ்சம் வந்துவிட்ட தெம்பில், ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். ஒட்டு கச்சிதமாக இருந்தது. எழுந்து தள்ளி நின்று பார்த்தால் கதவே அலை அலையாக நெளிந்திருந்தது. விரலால் தள்ளினால் 'டொக்' என்று உள்ளே போய், மறுபக்கம் தள்ளினால் 'டொக்' என்று வெளியே வந்தது, எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் மாதிரி. உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும், சுருங்கும்போது சுற்றியுள்ள தகட்டையும் சேர்த்து இழுக்கும். டிங்கரிடம் காட்டினேன். பின்னால் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சுத்தியலால் ஒட்டின் மேலேயே மெல்லத் தட்டினார். நெளிந்த இடத்தைத் தட்டவில்லை. "சுருங்கினது இங்க, அதனால நீட்ட வேண்டியதும் இங்க" என்றார். முக்கால்வாசி சரியானது. மிச்சத்துக்குப் பட்டி போட்டோம். கதவு, பானெட், கூரை போன்ற பெரிய தட்டையான தகடுகளை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. தளத்தில் வரிவரியாக மடிப்பு இருப்பதால் அவ்வளவாக நெளியாது, நெளிந்தாலும் மேட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்!

சரி, தளத்துக்கு வருவோம். வெல்டிங் வேலை மொத்தமாக ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதற்கு முந்தைய தயாரிப்புக்கு இரண்டு நாள் போனது. நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும், இது முதலாவது. ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே போனால் துரு இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும், நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அந்தக் கணீர் வந்த இடத்திலிருந்தும் ஒரு விரல் தள்ளி வெட்டினேன். கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், மூலைகளை வளைவாக விட்டு. கூரான மூலையில் சூடு குவிந்து சீக்கிரம் எரியும், பின்னாளில் விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஓட்டையின் மேல் அட்டையை வைத்து அளவெடுத்து, அதே அளவில் தகடு வெட்டி, ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்குப் பளபளவென்று தேய்த்தேன். அடியில் பூசியிருந்த தார் மாதிரியான கோட்டிங்கையும் சுரண்டி எடுத்தேன். பெயின்ட், தார், துரு எது மிச்சமிருந்தாலும் வெல்டிங்கில் நுரை நுரையாகத் துளை விழும்.

எர்த் கிளாம்பையும் வெறும் இரும்பில், ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவோ வேறு எதன் வழியாகவோ சுற்றி வரும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். பின்பக்கம் கை எட்டும் இடங்களில் ஒரு செம்புத் தகட்டை வைத்து அழுத்திப் பிடித்தேன். இரும்பு செம்போடு ஒட்டாது, கூடுதல் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். பழைய செம்புக் குழாய் ஒன்றைத் தட்டித் தட்டையாக்கியது, இதுவரை நான் செய்த உபகரணங்களிலேயே உருப்படியானது. இன்னொரு வித்தை: புதுத் துண்டின் பக்கம் ஆர்க்கைத் தொடங்கி, குழம்பாக உருகியதும் பழைய தகட்டின் பக்கம் ஒரு தள்ளு. பழைய பக்கம் எப்போதும் மெலிந்திருக்கும், அங்கே நேரடியாகச் சுட்டால் போய்விடும்.

நான் வாங்கிய அடிகளையும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் உள்பக்கம் கார்ப்பெட்டைச் சுருட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தேன், கழற்றவில்லை. கீழேயிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு நாற்றம். ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தால் காருக்குள் புகை. சத்தம் தடுக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட் கனன்று, கார்ப்பெட்டின் அடிப்பகுதியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்ததால் பிழைத்தேன். அதற்குப் பிறகு சீட், கார்ப்பெட், ஷீட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் வேலை. ஒட்டும் இடத்துக்குப் பின்னால் வயரிங்கோ பெட்ரோல் குழாயோ போகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பேன். தீயணைப்பானும் கூட ஒரு ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்குப் பின்னால் எரிவது தெரியாது. முடித்த பிறகும் ஒரு மணி நேரம் காரை விட்டு நகர்வதில்லை. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால், டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்காமல் தொடவே கூடாது.

இரண்டாவது அடி கண்ணில். ஒரே ஒரு டேக்தானே என்று, ஹெல்மெட் எடுக்கச் சோம்பல்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். அப்படி ஒன்று இரண்டு என்று ஏழெட்டு ஆகியிருக்கும். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணில் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எழுந்தேன். கண்ணீர் நிற்கவில்லை, விளக்கைப் பார்க்க முடியவில்லை. மருத்துவர் பார்த்ததுமே கேட்டார்: "வெல்டிங்கா?" ஒன்றிரண்டு நாளில் சரியானது. கை முழுக்க மூடிய சட்டை போடாமல் விட்டதால் கழுத்திலும் முழங்கையிலும் வெயிலில் வெந்த மாதிரி தோல் உரிந்தது தனிக் கதை.

புகை விஷயத்தில் நான் அடி வாங்கவில்லை, டிங்கர் முன்பே எச்சரித்துவிட்டார். வெள்ளி நிறத்தில் துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே சுட்டால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி ஆளை உலுக்கிவிடும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு செய்ய வேண்டும். அதைவிட ஆபத்தானது எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க நாம் தேடும் பிரேக் கிளீனர். குளோரின் சேர்ந்த வகையாக இருந்தால், ஆர்க்கின் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு. டப்பாவில் எந்தப் பெயரிலாவது, தொடக்கத்திலோ நடுவிலோ கடைசியிலோ, 'குளோரோ' என்றோ 'குளோரைடு' என்றோ இருந்தால் அது என் பட்டறைக்குள் வராது.

ஒட்டி முடித்ததும் ஃப்ளாப் டிஸ்கால் தேய்த்துச் சமமாக்கினேன். இங்கேயும் பொறுமைதான். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தகடு நீலமாகிவிடும், மெலிந்தும்விடும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், ஈரப் போர்வை போட்டு மூடியிருந்தேன். இருட்டிய பிறகு காருக்கு அடியில் ஒரு விளக்கை வைத்து, உள்ளேயிருந்து பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஒன்பது ஊசித் துளைகள். சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக். இரண்டாவது முறை பார்த்தபோது இருட்டு, முழு இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு துத்தநாக பிரைமர், ஓரங்களில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், அடியில் கோட்டிங்.

நான் தொடாமல் விட்ட இடமும் ஒன்று உண்டு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பாகத்தின் முனையில், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், துரு தொடங்கியிருந்தது. மோதினால் உயிரைத் தாங்கும் பாகம் அது. புதிய கார்களில் இந்த மாதிரி இடங்களில் கூடுதல் வலுவுள்ள எஃகு இருக்கும், கண்டபடி சூடாக்கினால் அந்த வலு போய்விடும். என் ஒட்டு பிடித்திருக்கிறதா என்பதை விபத்தில்தான் சோதித்துப் பார்க்க முடியும் என்றால், அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். டிங்கரிடம் விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் பத்து டேக் வைக்கும் நேரத்தில் அவர் மொத்தத்தையும் முடித்துவிட்டார்.

கார்ப்பெட்டைத் திரும்பப் போட்டு, மேட்டை விரித்து, நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் மேட்டைத் தூக்கினால் அடியில் அதே ஈரம். புதுத் தளத்தின் மேல் தண்ணீர் குட்டை மாதிரி தேங்கி நின்றது. முன்னாவது ஓட்டை வழியாக ஒழுகிப் போயிருக்கும், இப்போது போக வழியில்லை. என் ஒட்டில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டுவிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் வடிந்து போகும் துளையில் இத்தனை வருஷத்து இலைச் சருகும் மண்ணும் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலைவிட்டு அள்ளி எடுத்தேன். தேங்கியிருந்த தண்ணீர் சளசளவென்று வெளியே, காருக்கு அடியில், போக வேண்டிய வழியில் இறங்கிப் போனது.